வில்லனைக் கட்டிப்போட்ட பழ மண்டி

இந்த மாதிரிக் கட்டுரைகளை ஓய்வு பெற்ற பெரியவர்கள்தான் எழுதுவது வழக்கம். "நான் வேலையில் சேர்ந்த காலத்தில்" என்று ஆரம்பித்து, பாதியில் எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வந்து தொடர்வார்கள். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் வெளியூர்ப் படக்குழுக்களுக்கு மதுரையில் உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக இருப்பது, ஒரு வருடத்தை மூன்று வருடமாகக் கணக்கு வைக்கும் வேலை. போன மாதத்தோடு அதை விட்டுவிட்டேன். திரைக்கதை எழுதப் போகிறேன். அந்தக் கணக்குப்படி நானும் ஓய்வு பெற்றவள்தான். என் நாற்காலிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே (நாற்காலி என்று ஒன்று கிடையாது என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்), கொஞ்சம் கேளுங்கள்.

அனுமதி வாங்குவது, வண்டி பிடிப்பது, மொத்தக் குழுவுக்கும் பொங்கல் வடை சொல்வது எல்லாம் தானாகப் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு. நாம் நிற்பது இரண்டு கூட்டத்துக்கு நடுவில். ஒருபக்கம் படம் எடுக்க வந்தவர்கள், இன்னொருபக்கம் ஊர். நெருக்கடி வந்தால் எந்தப் பக்கம் பாய்வது என்று யோசிக்க நேரம் இருக்காது. எனக்கு அது சிம்மக்கல் பழ மண்டியில் வந்தது. மேலூர் கல்குவாரிக் கதையைத்தான் நீங்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். அதில் வெயிலும் ஒரு ஜெனரேட்டரும் தவிர வேறொன்றும் இல்லை. நான் கையை ஆட்டிச் சொல்வதால்தான் சிரிக்கிறீர்கள்.

அது ஓர் இந்திப் படம், உளவுப் படம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே உளவுப் படப் பைத்தியம். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டில், மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்த அப்பா "இந்தி டியூஷனுக்குப் போ" என்றபோது நான் மறுபேச்சுப் பேசாமல் போனதற்குக் காரணம் இலக்கியம் அல்ல. டப்பிங் இல்லாமல் படம் பார்க்க வேண்டும் என்ற ஆசை. ஆனால் அந்தப் படங்களில் உளவாளி என்றால் ஆண்தான். பெண் வந்தால் ஒன்று காதலி, இல்லாவிட்டால் துரோகி. இந்தப் படத்தில் உளவாளியே பெண். கதையைச் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கதை இதுதான். வடக்கே அடையாளம் வெளிப்பட்டுவிட்ட ஓர் உளவாளிப் பெண், மதுரைக்கு வந்து இந்தி டியூஷன் டீச்சராக ஒளிந்து வாழ்கிறாள். எதிரி ஆள் ஒருவன் அவளைப் பழ மார்க்கெட்டில் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுக்கிறான். கூட்டம் பயந்து சிதறி ஓடுகிறது. அவள் திமிறிக்கொண்டு ஒரு சரக்குக் கிட்டங்கிக்குள் போய், ஒற்றை ஆளாக அவனையும் அவன் கூட்டாளிகளையும் அடித்துப்போடுகிறாள். "கூட்டம் பயந்து சிதறி ஓடுகிறது" என்ற வரியை அன்று நானும் படித்துவிட்டுத்தான் பக்கத்தைப் புரட்டினேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நம் ஊரைப் பற்றி ஒரு வரி வந்தால் அங்கே பென்சிலை வைத்து நிறுத்திப் படிக்க வேண்டும்.

மண்டிக்கு வருவதற்கு முன் தல்லாகுளத்தில் ஒரு சாலைக் காட்சி எடுத்தோம். மைக்கில் அறிவித்து, கயிறு கட்டி, எல்லாம் ஒழுங்காக. விளைவு, தெருவே கேமராவைப் பார்த்துச் சிரித்தது. ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு வணக்கம் வைத்தார்.

"அண்ணே, கேமராவப் பாக்காதீங்கண்ணே!"

"நான் எங்கத்தா பாத்தேன்? அது என்னையப் பாக்குதான்னுல்ல பாத்தேன்."

அன்று மாலை இயக்குநர் முடிவெடுத்துவிட்டார். மண்டியில் கேமராவை ஒளித்துவைத்து எடுக்கலாம். நாயகியின் முகம் தெரியாத ஆள் வடக்கே கிடையாது. ஆனால் எண்ணெய் வைத்து வாரிய தலையும் வெளுத்த சுடிதாருமாக அவர் சிம்மக்கல்லில் நடந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டி வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு மட்டும் விஷயம் தெரியும். "நல்லாத்தான் இருக்கும், நடத்துங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அன்று காலை மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வில்லன் கையில் துப்பாக்கி வேண்டாம் என்று மட்டும் நான் ஒற்றைக்காலில் நின்று தடுத்திருந்தேன். அந்த ஒன்றுக்காக என்னை நானே இன்றுவரை மெச்சிக்கொள்கிறேன்.

வில்லனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைத் திவாகர்ஜி என்று கூப்பிடுவோம். போபால் பக்கத்து நாடகக்காரர். பூண்டுகூடச் சேர்க்காதவர். காலையில் மகளுக்குப் போன் செய்து அவள் பள்ளிக்கூடப் பையை எடுத்துவிட்டாளா என்று கேட்காமல் மேக்கப் நாற்காலியில் உட்கார மாட்டார். ஆனால் கன்னத்தில் தழும்பை ஒட்டி, கறுப்புச் சட்டை போட்டுவிட்டால் பார்ப்பவன் ஓரமாக ஒதுங்கிப் போவான். தமிழில் அவருக்குத் தெரிந்தவை இரண்டு சொற்கள். வணக்கம். போதும். இரண்டாவது மெஸ்ஸில் கற்றது.

மண்டி பரபரப்பாக இருந்த காலை நேரம். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றின் பின்பக்கத்தில் தார்ப்பாய் மூடி, மேலே நாலு வாழைத்தாரைச் சாத்திவைத்து, உள்ளே கேமராவும் இயக்குநரும். எதிர் மாடி ஜன்னலில் இன்னொரு கேமரா. நான் வாக்கிடாக்கியின் காதுக்குழாயைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு, சாத்துக்குடி விலை கேட்பவள்போல நின்றேன். ஒரே விலையை மூன்று தடவை கேட்டேன். சந்தோஷத்தில்தான்.

நாயகி ஓடிவந்தார். திவாகர்ஜி துரத்திவந்தார். நாயகி நிஜமாகவே வழுக்கி, ஒரு ஆரஞ்சுக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்தார். திவாகர்ஜி அவர் கையைப் பற்றி இழுத்தார்.

"டேய்! புள்ளைய விடுறா!"

குரல் வந்தது பஞ்சவர்ணத்தம்மாவிடமிருந்து. அந்த வரிசையில் பெரிய மண்டி அவருடையது. வைரத் தோடும், கையில் ஷட்டர் இழுக்கும் கம்பியுமாக இறங்கிவந்தார். அந்த நேரம் திவாகர்ஜி விலகியிருக்க வேண்டும். ஆனால் நல்ல நடிகர் அல்லவா, பாத்திரத்தை விட்டு இறங்கவில்லை. அடித்தொண்டையில் இந்தி வசனம் ஒன்றைப் பேசினார். "குறுக்கே வந்தால் உன்னையும் முடித்துவிடுவேன்" என்று அர்த்தம். அர்த்தம் யாருக்கும் புரியத் தேவையிருக்கவில்லை. வெளியூர்க்காரன், தழும்பு, விழுந்து கிடக்கிற பெண். அவ்வளவு போதும்.

சிதறி ஓட வேண்டிய கூட்டம் உள்நோக்கி ஓடியது.

லோடுமேன் கருப்பையா அண்ணன் பின்னாலிருந்து திவாகர்ஜியை இடுப்போடு தூக்கினார். இரண்டு பேர் கையை முறுக்கினார்கள். ஒருவர் சாக்குத் தைக்கும் சணலை எடுத்து மணிக்கட்டைச் சுற்றினார். பஞ்சவர்ணத்தம்மா நாயகியை அணைத்துத் தன் மண்டிக்குள் தள்ளி, தானும் உள்ளே போய், தடாலென்று ஷட்டரை இறக்கினார்.

"வணக்கம்! வணக்கம்!" என்று கதறினார் திவாகர்ஜி. "போதும்! போதும்!"

"வணக்கம் வேற சொல்றியா நீயி? லந்தா?"

என் காதுக்குழாயில் இயக்குநர் கிசுகிசுத்தார். "அற்புதம். யாரும் நகராதீர்கள். ஓடட்டும், ஓடட்டும். ஜெனி, நீ ஃப்ரேமுக்குள் நிற்கிறாய், வெளியே போ!"

ஜெனி நான்தான்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சென்னைக்கார அண்ணன் ஒருவர் முதல் நாளே ஒரு சட்டம் சொல்லியிருந்தார். "கட் சொல்ற உரிமை ஒரே ஆளுக்குத்தான். செட்டுல தீப்பிடிச்சாலும் நீ கட் சொல்லாத. டைரக்டர்கிட்டப் போய் 'தீ'ன்னு சொல்லு, அவர் கட் சொல்வார்." நான் அந்தச் சட்டத்தை மீறாமல் சமாளிக்கத்தான் பார்த்தேன். கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

"அண்ணே, விடுங்கண்ணே, இது சூட்டிங்!"

கருப்பையா அண்ணன் சுற்றிப் பார்த்தார். "சூட்டிங்னா கேமரா எங்கிட்டு?"

"அந்தா, அந்தக் குட்டியானைல."

"அதுல வாழத்தாருல்ல இருக்கு."

"அதுக்கு உள்ளண்ணே!"

"வாழத்தாருக்கு உள்ளயா?" என்று ஒருவர் சிரித்தார். "ஏத்தா, சினிமாக்காரய்ங்கன்னா ஒரு குடை இருக்கும், ஒரு சேரு இருக்கும், டீ குடிச்சுக்கிட்டு பத்துப் பேரு சும்மா நிப்பாய்ங்க. ஒண்ணையும் காணமே?"

நியாயமான கேள்வி. வேறு வழி தெரியாமல் திவாகர்ஜியிடம் திரும்பி, "பயப்படாதீர்கள், அசையாமல் இருங்கள்" என்று இந்தியில் சொன்னேன். ஆறுதல் சொல்லும் நேரமா அது?

"ஏய், இது அவன் பாசை பேசுதுடா!"

"இவளும் அந்தக் கூட்டம்தான். பையப் புடி!"

என் பை வாரை யாரோ இழுத்தார்கள். மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியோடு ஓர் ஆள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். திவாகர்ஜியின் ஒட்டுத் தழும்பு பாதி பெயர்ந்து தொங்கியது. அதைப் பார்த்தாவது புரிந்திருக்கலாம். கோபத்தில் இருப்பவர்கள் கன்னத்தைப் பார்ப்பதில்லை. காதுக்குள், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று இயக்குநர் கெஞ்சிக்கொண்டிருந்தார். குட்டியானைக்குள்ளிருந்து பார்க்கும்போது அந்தக் கொக்கி அவருக்குத் தெரிந்திருக்காது என்று பின்னால் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

பையை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். குட்டியானையின் தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வாழைத்தார்கள் உருண்டு விழுந்தன. உள்ளே, கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, மடியில் மானிட்டரும் காதில் ஹெட்போனுமாக, கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தார் எங்கள் இயக்குநர்.

மண்டி அடங்கியது.

"அட, நெசமாத்தான் சொல்லிருக்கு புள்ள."

கொக்கிக்காரர் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். கருப்பையா அண்ணன் சணலை அவிழ்த்து, திவாகர்ஜியின் சட்டையைத் தட்டிவிட்டு, பொத்தானைக்கூடப் போட்டுவிட்டார். "மன்னிச்சுக்கங்க சார். என்ன படம் சார்? யாரு சார் ஹீரோ?" அடுத்த நிமிடம் செல்பி. திவாகர்ஜி எல்லோரோடும் சேர்ந்து சிரித்து நின்றார்.

இயக்குநர் என்னிடம் வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினாய்?"

"தீ, சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. திவாகர்ஜியின் மணிக்கட்டைக் காட்டினேன். சணல் பதிந்து சிவந்திருந்தது. அவரே தண்ணீர் கொண்டுவரப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் இதுவும் கல்குவாரிக் கதை மாதிரி ஒரு சிரிப்புக் கதைதான். ஆனால் ஷட்டர் இன்னும் இறங்கியே இருந்தது.

தட்டினேன். "அம்மா, சூட்டிங்குக்கு வந்தவுகம்மா. திறங்க."

"போலீசு வந்தாத்தான் தொறப்பேன். போடி அங்கிட்டு!"

கருப்பையா அண்ணன் குரல் கொடுத்த பிறகே ஷட்டர் பாதி உயர்ந்தது. உள்ளே நாயகி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். தோளில் பஞ்சவர்ணத்தம்மாவின் துண்டு. கையில் உரித்த ஆரஞ்சு. எதிரே தன் போனைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பா நம்பரைச் சொல்லு என்று விரலால் சைகை காட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் அந்த அம்மா. நாயகி அழுதிருந்தார். திரைக்கதையில் அழுகை கிடையாது.

விஷயத்தைச் சொன்னேன். வெளியே எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சவர்ணத்தம்மா சிரிக்கவில்லை. துண்டை வாங்கி உதறி மடித்தார்.

"சிரிங்கடா. நல்லாச் சிரிங்க. இன்னிக்கு இவ ஓடியாந்தா. நாளைக்கு நெசமாவே ஒருத்தி ஓடியாருவா. அப்ப இந்தா நிக்கிறானே கருப்பையா, இவன் என்ன செய்வான்? கேமரா எங்கிட்டு இருக்குன்னு பாப்பான். சிரிச்சுக்கிட்டு நிப்பான். அவ போயிருவா." என்னைப் பார்த்தார். "மூட்டை கட்டுங்கத்தா. இந்த மண்டில இனிச் சூட்டிங் கெடையாது."

சங்கத் தலைவருக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம். "பஞ்சவர்ணம் வேணாம்னா மண்டில ஒரு பய சரின்னு சொல்ல மாட்டான்த்தா. நீயே பேசிக்க. இங்க பந்தி போட்டுட்டாய்ங்க."

இயக்குநர், ஐதராபாத்தில் மண்டி போலச் செட் போட்டுக்கொள்ளலாம் என்றார். அப்படிப் போயிருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அந்த அம்மா கேட்டது என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் வண்டி ஏறிப் போய்விடுவோம். அந்தக் கருப்பையா அண்ணன் அங்கேயே நிற்பார், கேமரா எங்கே என்று தேடுகிற கண்ணோடு. அதை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா? நம் வேலையில் கெட்டுப்போன இடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பார்கள். இதை எந்த விளக்குமாற்றால் பெருக்குவது?

மதியம் கூட்டம் குறைந்த பிறகு போனேன். நாயகி தானும் வருவதாகச் சொன்னார். திவாகர்ஜி மணிக்கட்டில் தைலம் தடவிக்கொண்டு கிளம்பிவிட்டார். இயக்குநர் கொஞ்சம் தள்ளி, வாசலோரம் வந்து நின்றார்.

பஞ்சவர்ணத்தம்மா முதலில் திவாகர்ஜியைத்தான் பார்த்தார். "வலிக்குதா?"

மொழிபெயர்த்தேன். "போதும்" என்றார் அவர்.

அந்த அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உட்காரச் சொல்லி, மாதுளையை உடைத்து வைத்தார். "சரி, படத்துல இந்தப் புள்ள எப்பிடித் தப்பிக்கும்?"

"அவுகளே சண்டை போட்டுத் தப்பிச்சிருவாகம்மா. ஒத்தையா. கிட்டங்கிக்குள்ள."

"நாங்க?"

"நீங்க... பயந்து, சிதறி ஓடிருவீக."

"யாரு?"

"கூட்டம்மா. மண்டிக் கூட்டம்."

கூடை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பஞ்சவர்ணத்தம்மா எழுந்தே விட்டார். "ஒரு பொம்பளப் புள்ளைய ஒருத்தன் கையப் புடிச்சு இழுக்குறான், சிம்மக்கல்லு வழிவிட்டு ஓடுதா? இதை அம்புட்டு ஊரும் பாக்கணுமா? யாருத்தா எழுதுனது?"

எழுதியவர் வாசலில் நின்றார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. கெட்டவர் இல்லை, அவருக்கும் அவர் நியாயம் இருந்தது. "ஜெனி, இவர்களிடம் சொல். என் உளவாளி தனி ஆள். அதுதான் படமே. கூட்டம் வந்து காப்பாற்றினால் அவள் வெறும் பாவப்பட்ட பெண் ஆகிவிடுவாள். அப்புறம் எதற்கு இந்தப் படம்?"

இதை நான் மொழிபெயர்க்கும் முன்பே நாயகி பேசினார். "சார், அடிப்பதற்கு எனக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தீர்கள். எங்கே ஓடி ஒளிவது என்று யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. இன்று காலை அந்த ஷட்டர் இறங்கியபோதுதான் உளவாளிக்கு அதுவும் வேண்டும் என்று தெரிந்தது."

அந்தக் கணத்தில்தான் என் சின்ன வயதுப் பைத்தியம் எனக்கு உதவிக்கு வந்தது. பார்த்த அத்தனை உளவுப் படமும் தலைக்குள் மளமளவென்று ஓடியது. வாய் முந்திக்கொண்டது. "சார், அவள் இங்கிருந்து தப்பி ஓடவில்லை. தப்புவதற்காக இங்கே ஓடிவருகிறாள். பல மாதமாக இந்த மண்டியில் பழம் வாங்குகிறாள். யார் எப்படி என்று கவனித்து வைத்திருக்கிறாள். வேறு எந்தத் தெருவுக்கு ஓடினாலும் பிடிபடுவாள் என்று தெரியும். இங்கே ஓடினால் அவன் பிடிபடுவான் என்றும் தெரியும். கூட்டம் காப்பாற்றுவது தற்செயல் இல்லை. அவள் போட்ட கணக்கு."

இயக்குநர் வாசலிலிருந்து உள்ளே வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். மாதுளை முத்துகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அவர் யோசிக்கிறார் என்றால் அப்படித்தான்.

பஞ்சவர்ணத்தம்மாவிடம் தமிழில் சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். "அப்ப படத்துலயும் அவ எங்கள வச்சு வெளையாடுறாளா?"

"இல்லம்மா. அதுல அவளுக்கு நெசமாவே ஆபத்து. வேற போக்கிடம் இல்ல."

நாயகியைப் பார்த்தார். "அப்பச் சரி. எடுத்துக்கங்க. ஒளிஞ்சு எடுக்கக் கூடாது."

மறுநாள் மைக், கயிறு, குடை, நாற்காலி, சும்மா நிற்கும் பத்துப் பேர் எல்லாம் சகிதமாக இறங்கினோம். பஞ்சவர்ணத்தம்மா கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷட்டரை இறக்கிய வேகத்தில் ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். சிக்கல் கருப்பையா அண்ணனிடம்தான். அதற்குள் அவரும் திவாகர்ஜியும் ஒரே இலையில் சாப்பிடாத குறையாக நண்பர்கள் ஆகியிருந்தார்கள். கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய இடத்தில், "வலிச்சாச் சொல்லுங்க சார்" என்று காதோரம் சொல்லிக்கொண்டே, கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். எத்தனை முறை எடுத்தாலும் அதே பாசம். கடைசியில் இயக்குநர், முதல் நாள் எடுத்ததைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னார். அதில் தெரிகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மானிட்டரில் போட்டுக் காட்டிக் கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள், கொக்கிக்காரர் மட்டும் தன் மனைவிக்குக் காட்டிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, அழைத்துவந்து காட்டிவிட்டு, சரி என்றார்.

இப்போது படத்தில் இருப்பது அந்தக் காட்சிதான். நான் தெரிகிற இடங்களை நீக்கி, தார்ப்பாயைப் பிடுங்கியதற்குச் சற்று முன்னால் வெட்டியிருக்கிறார்கள். அன்று இயக்குநர் பிடிவாதம் பிடிக்காவிட்டால் அந்தக் காட்சி இல்லை. நான் பிடுங்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இருவரில் யார் சரி என்று நானும் அவரும் இன்றும் போனில் சண்டை போடுகிறோம். உங்களுக்கு இதில் தெளிவான சூத்திரம் எதுவும் என்னால் தர முடியாது. ஆளுக்கு அடி விழும் என்று தோன்றினால் தார்ப்பாயைப் பிடுங்குங்கள். மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். அதை எனக்குச் சொல்லித்தந்தது அந்த மண்டியில் வேலை முடிந்த நேரம். கேமராக்கள் வண்டியேறிவிட்டன. குடை மடங்கிவிட்டது. கைகுலுக்கி விடைபெறலாம் என்று போனேன். பஞ்சவர்ணத்தம்மா கையைக் கொடுக்கவில்லை.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா. ரொம்ப நன்றி."

"எங்கிட்ட மட்டும் சொன்னா? ஆரம்பிக்கையில ஊருக்கே கேக்க மைக்குல கத்துனீகள்ல. முடிஞ்சதையும் கத்து."

நான் அதுவரை வேலை பார்த்த எந்தப் படத்திலும் யாரும் செய்யாத காரியம் அது. தொடங்குவதற்கு அறிவிப்பு உண்டு. முடிவதற்கு மூட்டை கட்டும் சத்தம்தான். வண்டியில் ஏற்றிய ஸ்பீக்கரை இறக்கச் சொன்னேன். ஒலிப்பதிவுக்காரர் திட்டிக்கொண்டே இறக்கினார்.

மைக்கை வாங்கினேன். "மண்டில இருக்க எல்லாருக்கும் சொல்லிக்கிறோம். சூட்டிங் முடிஞ்சிருச்சு. கேமரா அம்புட்டையும் ஏத்தியாச்சு. இனிமே இங்கன நடக்குறது எல்லாமே நெசம்."

குரல் தகரக் கூரைகளில் பட்டுத் திரும்பி வந்தது. தூரத்தில் நாயகியோடு படம் எடுத்துக்கொண்டிருந்த திவாகர்ஜி, நான் என்ன சொன்னேன் என்று சைகையில் கேட்டார். இந்தியில் சொன்னேன். நாயகியின் தோளில் இருந்த கையைச் சூடு பட்டதுபோல எடுத்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, நாலடி தள்ளிப்போய் நின்றார். மண்டியே குலுங்கியது.

பஞ்சவர்ணத்தம்மாவும் சிரித்துவிட்டார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கருப்பையா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியாடா?"

"கேட்டுக்கிட்டேன்மா."

"நாளைக்கு ஒருத்தி ஓடியாந்தா?"

கருப்பையா அண்ணன் அடுத்த லோடுக்குக் குனிந்தவர், நிமிராமலே சொன்னார்:

"மொதல்ல அவன அமுக்கிப் போடுவோம். சூட்டிங்கா இல்லையான்னு பெறகு விசாரிச்சுக்கிருவோம்."